எச்சில் போடும் தூண்டில்

எச்சில் என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் தினமும் அரை லிட்டருக்குக் குறையாமல் வாயில் சுரக்கும் அந்த நீர், ஃப்ளூ வைரஸையே ஏமாற்றுகிறது என்றால் நம்புவீர்களா?

இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேல் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் மூச்சுப்பாதை செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது. எச்சிலைக் கொழகொழப்பாக்கும் மியூசின் புரதங்களிலும் இதே சர்க்கரைதான் தொங்குகிறது! செல்தான் என்று நினைத்து வைரஸ் அதைப் பற்றிக்கொள்கிறது, தூண்டில் புழுவைக் கவ்விய மீன் மாதிரி. நாம் எச்சிலை விழுங்கினால் அதுவும் வயிற்றுக்குப் போய்விடும்.

வைரஸும் லேசுப்பட்டதல்ல. நியூராமினிடேஸ் என்ற நொதியைக் கையோடு கொண்டுவருகிறது. அது அந்தச் சர்க்கரையை வெட்டிவிட, வைரஸ் நழுவிவிடும். அதனால் எச்சிலை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. தவிர, மூக்கு வழியாக வருகிற வைரஸுக்கு வாயில் என்ன வேலை?

செல்லுக்குள் பெருகிய புது வைரஸ்கள் வெளியே கிளம்பவும் இந்த நொதி வேண்டும். 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாமிஃப்ளூ மருந்து முடக்குவது இதைத்தான்.