சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டர்

(தீயணைப்பு வாரத்தையொட்டி மடவார் வளாகத்தில் நடந்த அறக்கட்டளைக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்தில், இன்ஷா அல்லாஹ். இன்று முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ரமலானில் ஒருநாள் அஸருக்குப் பின், நம் மன்றத்தின் பின்கட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது கேஸ் ட்யூபில் தீப்பிடித்தது. சமையல்கார பாய் பதறவில்லை. நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு முதலில் வால்வை மூடினார். அதற்குள் பந்தல் துணியின் ஓரத்தில் நெருப்பு ஏறிவிட்டது. ஒரு தம்பி ஓடிப்போய்ச் சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்தார். பின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. குறடு வைத்துப் பிடுங்கி அழுத்தினால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். கடைசியில் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி அணைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

மறுநாள் அந்த சிலிண்டரை இறக்கிப் பார்த்தோம். முள் சிவப்பில் நின்றது. அட்டையில் இருந்த கடைசித் தேதி நான்கு வருஷத்துக்கு முந்தியது. இதைப் பார்க்க வேண்டியவர் யார் என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். செயலாளர் பார்ப்பார் என்று தலைவர் நினைத்திருந்தார். காவலாளி பார்ப்பார் என்று செயலாளர், அதாவது இப்போது உங்கள் முன் நிற்பவர், நினைத்திருந்தார். விற்றவர்களே வந்து பார்ப்பார்கள் என்று காவலாளி நினைத்திருந்தார். நாம் செருப்பைக் கழற்றிவிடும் இடத்துக்கு நேர் மேலேதான் அது நான்கு வருஷமும் தொங்கியது.

மன்றத்திலேயே இப்படி என்றால், நம் பிள்ளைகள் எட்டு மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் நிற்கிற இடங்களில் எப்படி இருக்கும் என்ற கவலையில்தான் இன்றைய பேச்சு. நம் பிழைப்பெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. ராஜபாளையத்தில் நூல் மில்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் நாள் முழுக்க அடுப்பெரியும் பால்கோவாக் கூடங்கள். நம்மவர்களில் பலருக்கு பஞ்சு மெத்தைக் கடை, ஜவுளிக்கடை, தையல் கடை, பிரியாணிக் கடை.

இந்தத் தீயணைப்பு வாரமே பஞ்சு எரிந்த நினைவாக வந்ததுதான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் நின்றது. அதில் பஞ்சு மூட்டைகளும் இருந்தன, போருக்கான வெடிபொருள்களும் இருந்தன. மதியம் பஞ்சில் புகை தெரிந்தது. இரண்டு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சியும் உள்ளே கனிந்த நெருப்பு அடங்கவில்லை. நான்கு மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான காலத்தில், 2012 நவம்பர் 24 அன்று, டாக்கா அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்தது. கீழ்த்தளத்தில் குவித்திருந்த துணியிலும் நூலிலும் தீ பிடித்தது. அபாய மணி அடித்திருக்கிறது. 'ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள்' என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நம் வீட்டுப் பெண்களைப் போல் சோற்றுத் தூக்குடன் காலையில் கிளம்பியவர்கள். அங்கேயும் சுவரில் சிவப்பு சிலிண்டர்கள் இருந்தன. அவற்றில் பல வேலை செய்யாதவை, அதிகாரிக்குக் காட்டுவதற்காக மாட்டியவை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்த செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கும்முன் அணைத்துவிடுங்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அணைக்கும் பொருளைப் பழுதாக விட்டுவிட்டு 'அல்லாஹ் காப்பான்' என்று சொல்வதைத் தவக்குல் என்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார்.

சரி, என்ன பார்க்க வேண்டும்? மாதம் ஒருமுறை, ஒரு சிலிண்டருக்கு இரண்டு நிமிஷம் போதும். மீட்டரில் முள் பச்சையில் நிற்கிறதா? பின்னும் அதன் சீலும் சரியாக இருக்கின்றனவா? குழாயில் வெடிப்பு உண்டா? முனையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், நம் மன்றத்து சிலிண்டரில் இருந்தது. அடிப்பக்கம் துருவேறியிருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். பவுடர் சிலிண்டர் என்றால் மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்தால் உள்ளே தூள் சரிவது தெரியும். தெரியவில்லை என்றால் கட்டிதட்டியிருக்கலாம். மின்பெட்டிப் பக்கம் வைக்கிற கரியமில வாயு சிலிண்டருக்கு மீட்டர் கிடையாது. அதை எடைதான் போட வேண்டும். காலி எடை அதிலேயே பொறித்திருக்கும். உள்ளே இருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே நிரப்பக் கொடுத்துவிட வேண்டும். பார்த்த தேதியை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துக்கு ஒருவர், அவர் லீவு என்றால் இன்னொருவர். எங்கள் வீட்டில் விட்டுப்போனது இதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரை வைத்துத் திறந்து சோதிப்பது தனி. வாங்கும்போது ஐ.எஸ். 15683 முத்திரை பாருங்கள். பராமரிப்புக்கு ஐ.எஸ். 2190 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. நிரப்ப வருகிறவரிடம் அதன்படி செய்கிறாரா என்று கேட்கலாம், தவறில்லை. இதையும் சொல்கிறோம்: நம் சிலிண்டரை ஒருமுறை நிரப்புவதாகச் சொல்லி எடுத்துப்போன ஒருவர் புது ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் கொண்டுவந்தார். நாம் எடை போடவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணெதிரே திறந்து கொட்டி நிரப்பச் சொல்லுங்கள்.

பஞ்சுக் கடைக்காரர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். பவுடர் அடித்தால் மேலே எரியும் சுவாலை அடங்கும். மூட்டைக்குள் கங்கு கனிந்துகொண்டே இருக்கும். அணைந்தது என்று கதவைப் பூட்டிப் போவீர்கள், நடுச்சாமத்தில் எழுந்துவிடும். ஆகவே பவுடரோடு தண்ணீரும் வேண்டும். மூட்டையை வெளியே இழுத்து, பிரித்து, ஊறும்வரை நனைக்க வேண்டும். மின்பெட்டியில் மட்டும் தண்ணீர் கூடாது. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்கு எழும்பும். அடுப்பை அணைத்துவிட்டு மூடிபோட்டு மூடுங்கள். கேஸ் கசிந்து எரிந்தால் வால்வை மூடுவதுதான் முதல் வேலை. சுவாலையை மட்டும் அணைத்தால் வாயு அறையெல்லாம் நிரம்பி, அது இன்னும் ஆபத்து.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்சாலைகளுக்கான சட்டம் தீத்தடுப்பை உங்கள் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. சட்டம் எட்டாத சின்னக் கடையிலும் வேலையாள் உயிர் உங்களிடம் இருக்கும் அமானிதம். சிலிண்டரை வாசல் பக்கம், கை எட்டும் இடத்தில் வையுங்கள். அதன் முன்னால் மூட்டை அடுக்காதீர்கள். பின்கதவைப் பூட்டாதீர்கள். துணி திருடு போகும் என்கிறீர்கள். போகட்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, நாளைக்குப் போனதும் அந்த முள்ளைப் பாருங்கள். சிவப்பில் இருந்தால் சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் பெயர் வராமல் நாங்கள் பேசுகிறோம். தீ பெரிதாகிவிட்டால் சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள், 101-க்கு அடியுங்கள். ஒரு சிலிண்டர் அரை நிமிஷம்கூட அடிக்காது.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பின் மன்றத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் கூடுவோம். நிரப்பக் கொடுக்க வேண்டிய பழைய சிலிண்டர் இருந்தால் எடுத்து வாருங்கள். எப்படியும் உள்ளே இருப்பதைக் கொட்டத்தான் போகிறார்கள். அதற்குமுன் தகரத் தட்டில் சிறு தீ மூட்டி, பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைக் குறிவைத்து, பக்கவாட்டில் வீசி அணைக்க எல்லோரும் ஒருமுறை பழகிவிடலாம். பெண்களுக்கு அதே நாள் காலை பத்து மணிக்கு. சமையல்கார பாய் நனைந்த சாக்கோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். துருப்பிடித்து அழுத்தமே பழுதாகிப்போன உருளையை யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம், தனியே வைத்துவிடுங்கள். நம் மன்றத்து சிலிண்டரையும் அப்படித்தான் ஒதுக்கிவிட்டோம். புதியது வாங்கியாகிவிட்டது. அட்டையில் இந்த மாதத்துக் கையெழுத்து இருக்கிறதா என்று போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.