ஐந்து சுழியமும் பதினேழு இரட்டிப்பும்

(பெண்ணாடத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பெண்ணாடத்திற்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இன்று மாவட்டம் ஒன்றே. அத்திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலி என்பர் ஆய்வாளர். அங்கே சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைச் சக ஆண்டு 380இல், அஃதாவது கி.பி. 458இல், எழுதினார். காஞ்சி மன்னன் சிம்மவர்மனுக்கு அது 22ஆம் ஆட்சியாண்டு. பிராகிருத மூலம் மறைந்துவிட்டது. சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கமே எஞ்சியுள்ளது.

அந்நூலில் ஒரு பேரெண் சொற்களால் உரைக்கப்படுகிறது. ஒன்றாம் இடம் தொட்டு முதலில் ஐந்து சுழியங்கள். பின்னர் இரண்டு, ஏழு, சுழியம், ஒன்று, மூன்று, ஒன்று. இடையில் வரும் சுழியத்திற்கு 'ஆகாயம்' என்று பொருள்படும் சொல் ஆளப்பட்டுள்ளது. இலக்கத்தில் எழுதினால் 1310,72,00,000. ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கோடியே எழுபத்திரண்டு இலட்சம்.

இவ்வெண் எங்கிருந்து வந்தது? சம்பூத்தீபத்தின் விட்டம் ஓர் இலட்சம் யோசனை. அதனைச் சூழ்ந்த கடலின் அகலம் இரண்டு இலட்சம்; அடுத்த தீவு நான்கு இலட்சம். இவ்வாறு ஒவ்வொரு வளையமும் முந்தியதைப்போல் இரட்டிக்கும். பதினான்காம் இரட்டிப்பில், பூசையின்போது எல்லோரும் நினைந்து வணங்கும் நந்தீசுவர தீபம் வரும். அகலம் 163 கோடியே 84 இலட்சம் யோசனை. இன்னும் மூன்று முறை இரட்டித்தால், ஒன்பதாம் தீவைச் சூழ்ந்த கடலுக்கு மேற்கூறிய எண்ணே கிடைக்கும்.

ஐந்து சுழியங்களை நீக்கினால் எஞ்சுவது 1,31,072. இதனைப் பதினேழு முறை பாதியாக்கினால், இடையில் பின்னமே தோன்றாமல், ஒன்றில் வந்து நிற்கும். முழு எண்ணையும் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 22 இரண்டுகளும் 5 ஐந்துகளும் மட்டுமே கிடைக்கும்; வேறு பகா எண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆகவே அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 23 × 6 = 138. இங்ஙனம் பாதியாக்கும் எண்ணிக்கையை 'அர்த்தச்சேதம்' என்று பெயரிட்டுத் தவள உரையில் ஆண்டார் வீரசேனர். பிற்கால மடக்கைக் கணிதத்தின் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

ஏடு பெயர்த்தெழுதுவோர் கை தவறுவது இயல்பு. ஏழினை ஒன்றென மாற்றினால் 1,31,012 ஆகும். இருமுறை பாதியாக்கியதும் 32,753 என்னும் ஒற்றை எண்ணில் கணக்கு நின்றுவிடும். பிழை அங்கேயே வெளிப்படும். மூலம் அழிந்த பின்னும், இவ்வெண் தன் பண்பினாலேயே தன்னைக் காத்துக்கொண்டது.

எல்லாச் சொற்களுக்கும் அத்தகைய காவல் இல்லை. பெட்டியில் உறங்கும் ஏடு செல்லரித்தால், அதன் பாடத்தை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. எனவே இல்லந்தோறும் உள்ள ஏடுகளை வணங்குவதோடு நில்லாமல், படித்துப் படியெடுத்தலும் கடனாகும். சிறார்கள் இன்றிரவே ஒரு தாளெடுத்து அப்பதினேழு பாதிகளையும் எழுதிப் பார்க்கட்டும். 1,500 ஆண்டுக்கு முந்தைய முனிவரின் கணக்கு அவர்கள் கையெழுத்திலும் ஒன்றிலேயே முடியும்.

வாழ்க அறம்! வளர்க கல்வி!