பிடுங்க முதல் ஒருக்கால் யோசியுங்கோ

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பலகாரத் தட்டுக்கு முன்னால் இவள் பல்லைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறாள் என்று குறை நினைக்காதையுங்கோ. பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்யும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

1994 இல் ஜெர்மனிக்கு வந்து அகதிகள் விடுதியில் இருந்தபோது எனக்குக் கடவாய்ப் பல்லில் கொதி. அகதிகளுக்கு அவசர வருத்தத்துக்கும் நோவுக்கும் மட்டுமே வைத்தியம் என்பது 1993 ஆம் ஆண்டுச் சட்டம். பாஷையும் தெரியாது. கராம்பைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்காய்ப் பொறுத்தேன். கடைசியில் முகம் வீங்கித்தான் போனேன். பல்லைப் பிடுங்க வேண்டியதாய்ப் போயிற்று. சின்ன ஓட்டையாய் இருந்தபோதே அடைத்திருந்தால் அது இன்றைக்கும் என் வாயில் இருந்திருக்கும்.

இப்போது பல்லின் நிறத்திலேயே அடைக்கிறார்கள். சூத்தையைத் துப்புரவாக்கி, அமிலக் களியைச் சில விநாடிகள் பூசுவார்கள். அது பல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கும். பசை அதற்குள் இறங்கிப் பிடிக்கும். 1955 இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனகோர் என்பவர் காட்டிய வழி இது. பிறகு கண்ணாடித் தூளும் பிசினும் கலந்த களியை 2 மில்லிமீற்றர் அளவில் படை படையாய் வைத்து, ஒவ்வொன்றையும் நீல வெளிச்சத்தில் 20 விநாடியளவு இறுக வைப்பார்கள். எச்சில் பட்டால் பசை பிடிக்காது. ஆகையால் கனநேரம் வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னால் கோபிக்காதையுங்கோ.

வெள்ளி நிற அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசம். 2025 தை முதலாம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், விசேஷ மருத்துவத் தேவைக்கு அல்லாமல், அதைப் புதிதாய் வைக்க முடியாது. அதைக் கேட்டுப் பயந்து, பழுதில்லாத பழைய அடைப்பைத் தோண்டுவிக்க வேண்டாம். தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாய் வரும்.

காசுக் கதைக்கு வருவோம். முன்பல்லின் வெள்ளை அடைப்புக்குக் கிராங்கன்காசை கட்டும். கடவாய்ப் பல்லுக்கும் சாதாரண வெள்ளை அடைப்பு உண்டு. படை படையாய் வைக்கிறதென்றால் பெரும்பாலும் மிச்சக் காசு நாங்கள் போடவேணும். கையெழுத்து வைக்க முதல் எவ்வளவு என்று கேளுங்கோ. வருடத்துக்கு 2 தரம் பரிசோதனைக்குக் காசில்லை. நோ வரும்வரை காத்திருக்காதையுங்கோ. சூத்தை நரம்பைத் தொட்டபிறகு வெறும் அடைப்பு உதவாது.

நான் இன்றைக்கும் முறுக்கை ஒரு பக்கத்தால்தான் கடிக்கிறேன். எங்கடை பிள்ளைகள் இரண்டு பக்கத்தாலும் கடிக்கவேணும்.