மாடியில் மிருதங்கம்



என் மகன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். நாங்கள் குடியிருப்பது அடுக்குமாடியில், இரண்டாவது தளம். ஒருநாள் மாலை கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்தார். "பையன் வாசிக்கட்டும்மா, வேண்டாங்கல. அந்தத் தொம் தொம்தான் நெஞ்சுல வந்து இடிக்குது" என்றார்.

மறுநாளே கனமான திரைச்சீலை வாங்கி மாட்டினேன். யாரோ சொன்னார்கள் என்று முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து, மகனை வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழே போய்ப் பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். வலந்தலையில் விழும் கணீர் என்ற சொற்கள் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ரவை பூசிய இடப்பக்கம், அந்தத் தொப்பியின் முழக்கம் மட்டும் கூரையிலிருந்து இறங்கி வந்தது. மேஜைமேல் கை வைத்தால் லேசாக அதிர்ந்தது.

தாழ்ந்த ஒலியின் குணம் அது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மூன்று மீட்டருக்கும் மேல் நீளம். ஏறக்குறைய ஒரு அறையின் அகலம். அதற்குத் திரைச்சீலை ஒரு பொருட்டே இல்லை. துணியும் அட்டையும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தை மறிப்பது எடை. நாலரை இஞ்சு சுவரைவிட ஒன்பது இஞ்சு சுவர் நன்றாக மறிக்கும். குடியிருக்கிற வீட்டில் சுவரையா இடித்துக் கட்ட முடியும்?

முடிந்ததைச் செய்தோம். பாட்டியின் படுக்கையறைக்கு நேர்மேலே வாசித்துக்கொண்டிருந்தவனைக் கூடத்துக்கு மாற்றினோம். மூலையில் உட்கார்ந்தால் தாழ்ந்த ஒலி இன்னும் பெருகும் என்பதால் சுவரைவிட்டுத் தள்ளி இடம் போட்டோம். தரையில் தடித்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் பலகை, பலகைமேல் மடித்த ஜமக்காளம். அதிர்வு நேராகத் தளத்தில் இறங்காமல் ரப்பர் வாங்கிக்கொள்கிறது. கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதையும் ரப்பர் பட்டை வைத்து அடைத்தோம். காற்று நுழையும் சந்தெல்லாம் சத்தமும் நுழையும்.

வயலின் பழகுகிறவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் மாட்டும் ரப்பர் மியூட் கடையில் கிடைக்கிறது, ஒலி பாதிக்கும் கீழே அடங்கும். கீபோர்டுக்கு ஹெட்போன் போதும். ஆனால் கட்டை அழுத்தும் டொக் டொக் ஓசை ஸ்டாண்டின் கால் வழியே கீழ்வீட்டுக்குப் போகும். கால்களுக்கு அடியிலும் ரப்பர் வையுங்கள்.

நேரமும் முக்கியம். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான நேரத்தை அவை இரவாகக் கணக்கிடுகின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. விடியற்காலைச் சாதகம் நம் மரபுதான், மறுக்கவில்லை. அந்த நேரத்தில் மகன் தொடையில் தட்டியபடி, "தா தி தொம் நம்" என்று வாயால் சொல்லிப் பழகுகிறான். சொல் சுத்தமாக வந்தால் கையும் சுத்தமாக வருகிறது. அவன் குருவே அதைக் கவனித்துச் சொன்னார்.

வாத்தியத்தில் வாசிப்பது இப்போது மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை. பாட்டி கோயிலுக்குப் போகும் நேரம் அது. மூட்டுவலி என்று வீட்டிலேயே இருக்கும் நாட்களில் நாலு மணிக்கே போன் செய்துவிடுவார். அன்று மாலையும் வாய்ப்பாடம்தான்.