காய்ச்சல் தணியும் நாளில் விழிப்பு வேண்டும்



மழைக்காலம் தொடங்கியதும், சமயநல்லூர் முதலாகிய மதுரைச் சுற்றுப்புற ஊர்களில் டெங்கு பற்றிய அச்சமும் தொடங்கிவிடுகிறது. 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். அறுபத்தாறு பேர் உயிரிழந்தனர். நோயின் பெயரை அறியாதார் இன்று இலர். எனினும், அதனைப் பற்றிய ஓர் உண்மை இன்னும் பல இல்லங்களைச் சென்றடையவில்லை. டெங்குவில் உயிருக்கு ஊறு நேரும் காலம் பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும் நாள் அன்று. அது தணியும் நாளே ஆகும்.

இதன் காரணம் யாது? டெங்கு வைரசு நான்கு வகைப்படும். அந்நான்கும் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. 1968-இல் வேலூரில் பரவிய நோயின்போதே, நான்கு வகைகளும் மனிதரிடத்தும் கொசுக்களிடத்தும் கண்டறியப்பட்டன. ஒருவகை வைரசு தாக்கி நீங்கினால், அவ்வகை மீண்டும் தாக்காதவாறு உடல் எதிர்ப்புப் பொருள்களை ஆக்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் பிறவகைகளுக்கு எதிரான காப்பு சில திங்களே நிற்கும்.

பின்னர் வேறொரு வகை நுழையும்போது, பழைய எதிர்ப்புப் பொருள்கள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் அழிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. அவ்வாறு பற்றப்பட்ட வைரசை வெள்ளணுக்கள் விழுங்க, அது அங்கேயே பல்கிப் பெருகுகிறது. காவலனே கள்வனுக்குக் கதவு திறந்துவிட்டது போன்ற நிலை இது. 1960-களில் பாங்காக்கில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஆல்ஸ்டெட், இரண்டாம் முறை நோயுற்ற சிறுவரிடத்தும், தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றிருந்த கைக்குழந்தைகளிடத்தும் நோய் கடுமையாதலைக் கண்டு இக்கருத்தை வளர்த்தார். இரண்டாம் முறை நோயுறுவோர் அனைவர்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. பலர் எளிதில் நலம் பெறுகின்றனர்.

நோய் கடுமையானவிடத்து, எதிர்ப்பு ஆற்றல் அளவு கடந்து பொங்குகிறது. அதனால் வெளிப்படும் வேதிப்பொருள்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை இளகச் செய்கின்றன. குருதியின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் மார்பிலும் தேங்குகிறது. இரத்தம் தடிப்பேறுகிறது, நாடி தளர்கிறது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில், வெப்பம் இறங்கும் வேளையில் இது நிகழும்.

ஆகவே, 'காய்ச்சல் விட்டது, இனி அச்சமில்லை' என்று இருந்துவிடலாகாது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதிக் கசிவு, கைகால் குளிர்தல், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிக் கலங்குவது பலரின் வழக்கம். மருத்துவர் அதனோடு இரத்தத்தின் தடிப்பையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் நோக்குகின்றனர். கசிவு ஓரிரு நாளில் நின்று, தேங்கிய நீர் மீண்டும் குருதியில் சேரும். அப்பொழுது குளுக்கோஸ் பாட்டிலை மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். எனவே, அதனை வற்புறுத்திக் கேட்டல் தகாது. ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உண்ணுதலும் ஆகாது. அவை குருதிக் கசிவை மிகுவிக்கும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியன இல்லத்தில் துணைசெய்யும். நோன்பிருப்போர் காய்ச்சல் கண்டதும் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். நீரின்றி இருத்தல் இந்நோயில் பெருங்கேடு.

இக்கொசு பகலில் கடிப்பது; தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. தண்ணீர் டிரம்மையும் தொட்டியையும் இறுக மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் அகற்றினால், கொசு பிறப்பதற்கே இடமில்லை. பிறந்த உயிரைக் கொல்வதினும் பிறவாமற் காப்பதே கொல்லாமை நெறியினர்க்கு இசைந்த வழி. அவ்வழியே நம் பிள்ளைகளையும் காக்கும்.