வளரும் நிறுவனமும் அதன் ஊழியரும்

பூநகரியின் வயல் மழையை நம்பிய வயல். மாரி பொழிந்தால் மொட்டைக்கறுப்பன் நெல் விளையும். பொய்த்தால் அடுத்த மாரிவரை காத்திருத்தல் வேண்டும். ஒரு போக விளைச்சலைக் கொண்டு பன்னிரண்டு மாதங்களை நடத்தும் கணக்கு அங்குள்ள உழவர் வீடுகளுக்குப் பழகிய கணக்கு. அத்தகைய வீடொன்றிலிருந்து மகளொருத்தி ஆடைத்தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கின்றாள் என்க. இருள் பிரியுமுன் எழுந்து, பரந்தன் வீதியாகப் பஸ்ஸிலே கிளிநொச்சிக்குப் போகின்ற அவளுக்கு, மழை பெய்யினும் பெய்யாவிடினும் மாதந்தோறும் சம்பளம் வருகின்றது. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், யாவற்றையும் இழந்து ஊர் மீண்ட குடும்பங்களுக்கு இது சிறிய பொருளன்று.

அவள் புகுந்த தொழில் இலங்கையில் விரைந்து வளர்ந்த தொழில். 1977இல் நாட்டின் பொருளாதாரம் வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் தோன்றியது. 1987இல் அமலியன் சகோதரர் மூவர் தொடங்கிய மாஸ் நிறுவனம் இன்று பல நாடுகளில் தொழிற்சாலைகளை உடையது. போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் அது தொழிற்சாலைகளை நிறுவி, ‘வானவில்’, ‘விடியல்’ எனத் தமிழ்ப் பெயர் சூட்டியது.

வெளியே நிற்போர் வளர்ச்சியைக் கட்டடத்தின் பரப்பாலும் ஏற்றுமதியின் தொகையாலும் அளப்பர். உள்ளே இருப்பவரின் அளவுகோல் வேறு. எந்நாட்டிலாயினும், எத்தொழிலாயினும், விரைந்து பெருகும் நிறுவனத்தில் ஊழியர் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. சிறியதாய் இருந்த காலத்தில் முதலாளி ஊழியரைப் பெயர் சொல்லி அழைப்பார். தாய்க்குச் சுகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுமுறை கிடைக்கும். பெருகியபின் பெயரின் இடத்தில் இலக்கமும், வார்த்தையின் இடத்தில் படிவமும் வந்துவிடுகின்றன. புதியவர்கள் இடையறாது வந்து சேர்வர். அவர்களுக்குத் தொழில் பழக்கும் பொறுப்பும் பழையவரின் தலையிலேயே விழும். மணிதோறும் எட்டவேண்டிய இலக்கோ அதற்காகக் குறைவதில்லை. ஒரு சட்டை பலர் கைகளிற் பகுத்துத் தைக்கப்படுவதால், நாள் முழுதும் தோள்மூட்டையே தைப்பவள், பல ஆண்டுகள் கழிந்தும் முழுச்சட்டை தைக்க அறியாதிருத்தலும் கூடும்.

இச்சிக்கல் பழையது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் 1913இல் தமது மோட்டார்த் தொழிற்சாலையிலே நகரும் வேலைவரிசையை அமைத்தார். வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்துதற்கு முன்னர் 12 மணிநேரத்துக்கு மேற் சென்றது. சில மாதங்களுள் அது ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமாகச் சுருங்கியது. நிறுவனம் ஓங்கியது, ஊழியரோ நிலைத்திருக்கவில்லை. 100 பேருக்குரிய வேலையை நிரப்பிவைப்பதற்கு ஓராண்டில் ஏறத்தாழ 370 பேரைச் சேர்க்கவேண்டிய நிலை உண்டாயிற்று. 1914 ஜனவரியில் ஃபோர்ட், தகுதிபெற்ற ஊழியரின் நாட்சம்பளத்தை 5 டொலராக உயர்த்தி, வேலைநேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். விலகுவோர் தொகை அதன்பின் பெரிதும் வீழ்ந்தது. வளர்ச்சியின் பயன் தமக்கும் வந்ததைக் கண்டபோதே ஊழியர் தங்கினர்.

ஆதலால், வளரும் நிறுவனத்தில் பணிபுரிவோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. சேர்ந்த நாளில் அறியாத எத்தொழிலை இன்று கை அறிந்துள்ளது? ஓர் இயந்திரத்தில் இருந்தவள் மற்றோர் இயந்திரத்தைப் பழக வழி உண்டா? முதுமைக்கென எவ்வளவு சேர்ந்துள்ளது? 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு இன்று ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி 12 பங்கும் செலுத்தவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி செலுத்தவேண்டியது 3 பங்கு. இவை தன் பெயரில் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்று கேட்டறிதல் ஊழியரின் உரிமை. அதனைக் குறைகூறலாகக் கொள்ளாதிருத்தல் நிறுவனத்தின் கடமை.

பூநகரி உழவருக்கு ஓர் உண்மை தெரியும். உரமிகுதியால் மளமளவென்று உயர்ந்த பயிர், கதிர் முற்றுமுன் காற்றுக்குச் சாய்ந்துவிடும். தாள் உறுதியாய் நின்றாலன்றிக் கதிர் களத்துக்கு வராது. நிறுவனத்துக்குத் தாளாய் நிற்பவர் ஊழியர். மாலையில் பரந்தன் வீதியாக வீடு திரும்பும் அம்மகள், கையிற் சம்பளத்தோடு ஒரு தொழிலையும் கொண்டு வருவாளாயின், நாளை அத்தொழிற்சாலை இருப்பினும் இல்லாதொழியினும் அவள் வாழ்வு சாயாது.