செடியின் சாறும் அசுவினியின் உருவமும்



வேலூர், ஆம்பூர் என்றதும் வெளியூரார்க்குத் தோல் பதனிடும் தொழிலே நினைவுக்கு வரும். ஆயினும் அப்பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கும் பெரும் பெயருண்டு. 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கத்தரி இலையின் அடிப்புறத்தில் கூட்டங்கூட்டமாய் ஒட்டியிருந்து சாறுண்ணும் அசுவினியைக் குறித்தே இப்பேச்சு.

ஒரே ஜாதி அசுவினி பல உருவங்கொள்ளும். குளிர்ந்த நாட்களில், சத்து மிகுந்த தளிரில், அது கரும்பச்சை நிறத்துடன் பருத்திருக்கும். ஆணின் சேர்க்கையின்றியே குஞ்சுகளை ஈன்றுகொண்டிருக்கும். வெயில் முற்றிக் கூட்டமும் நெருங்கினால், பிறப்பவை சிறுத்து மஞ்சள் நிறமாகும். நெருக்கத்தோடு செடியின் சாறும் வறண்டால், இறகுள்ளவை தோன்றி வேறு செடி தேடிப் பறக்கும்.

இதன் காரணம் யாது? செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடலை வளர்க்கும் அமினோ அமிலங்களோ குறைவு. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் சாற்றில் அவ்வமிலங்கள் பெருகும். அசுவினியின் உடலும் ஈற்றும் உடன் பெருகும். கடன்பட்டு வாங்கிய யூரியா பூச்சிக்கு விருந்தாகிவிடும்.

ஆகையால், யூரியாவை அளவறிந்து, பல தவணையாகப் பிரித்து இடுதல் வேண்டும். வாரந்தோறும் இலைகளைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டைக் கொல்லலாகாது. பூச்சி பெருகத் தொடங்கியதும், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

இறகு முளைத்த பூச்சிக்கு வரப்பு எல்லையன்று. ஒருவரது அசட்டை அயலாரின் நஷ்டமாகும். அங்கத்தினர் அனைவரும் ஒரே வாரத்தில் இவற்றைச் செய்வதே முழுப்பயன் தரும்.